முனைக் காவலர் பதவிக்காலம்

கார்விக் நகரத்தில் யாரும் தானாகப் பதவியை விட்டு இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. இறந்துபோனவர்கள் உண்டு. அவர்களிலும் ஒருவர், இறந்து ஐந்து வாரம் கழித்து நடந்த தேர்தலில் அமோகமாக ஜெயித்தார். வாக்குச்சீட்டு அச்சாகிவிட்டது, பெயரை எடுக்க வழியில்லை என்றார்கள். போக்குவரத்து உபகுழுவின் தலைவர் பதவியையும் மரியாதைக்காக அவரிடமே விட்டுவைத்தார்கள். இரண்டு வருடம் அந்தக் குழு கூடவில்லை. தலைவர் வசதிப்பட்டு வரட்டும் என்று காத்திருந்தது.

வெர்னா பஸ்கோ கேட்ட விளக்கு அந்தக் குழுவிடம்தான் இருந்தது. பெரிய விளக்கு ஒன்றுமில்லை. கல்குவாரிச் சாலையும் எல்ம் தெருவும் சந்திக்கும் முனையில், பள்ளிக்கூடத்துக்கு எதிரே, சிவப்பும் பச்சையும் மாறி மாறி எரியும் சாதாரணப் போக்குவரத்து விளக்கு.

அந்த முனைக்கு வெர்னாதான் காவலர். இருபத்துமூன்று வருடமாக, ஆரஞ்சு மேல்சட்டையும் காதை மூடும் கம்பளித் தொப்பியுமாக, ‘நில்’ என்று எழுதிய எட்டுமூலைச் சிவப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு காலையில் நாற்பது நிமிடம், மாலையில் நாற்பது நிமிடம் நிற்பாள். குவாரி லாரிகள் மேட்டிலிருந்து வளைவு திரும்பித் திடுதிப்பென்று வந்து நிற்கும். நிற்கும் என்பது பேச்சுக்கு. கல் ஏற்றிய லாரி அந்தச் சரிவில் நினைத்த இடத்தில் நிற்காது. லாரி கண்ணில் படுவதற்கு முன்பே கியர் மாறும் சத்தத்தை வைத்து, இது காலி, இது பாரம் என்று வெர்னா சொல்லிவிடுவாள். அறுபத்துநாலு பிள்ளைகள் அவள் கையைப் பார்த்துத்தான் ரோட்டில் கால் வைக்கும்.

அதில் டெஸ் என்ற ஏழு வயதுப் பெண்ணுக்குக் காது கேட்காது. அவளும் வெர்னாவும் தங்களுக்குள் ஒரு பாஷை வைத்திருந்தார்கள். உள்ளங்கையை உயர்த்தினால் நில். இரண்டு விரலை ஆட்டினால் வா. மூக்கைத் தொட்டால், இன்றைக்கு உன் தொப்பி நன்றாயிருக்கிறது. டெஸ் எப்போதும் வரிசையில் முதலில் நிற்பாள், அவளுக்குப் பின்னால் மற்ற பிள்ளைகள் நிற்கும். வெர்னாவுக்கு இரவில் கெட்ட கனவு வந்தால் அதில் டெஸ்ஸின் தொப்பிதான் வரும்.

மற்ற ஊர்களில் இந்த வேலைக்கு ஆளை நியமிப்பார்கள். கார்விக்கில் தேர்தல் வைப்பார்கள். அந்தக் காலத்தில் அங்கே ரயில் கேட் இருந்தபோது, கேட்டில் நிற்பது கத்தோலிக்கரா லூதரன்காரரா என்று இரண்டு தேவாலயத்துக்கும் தகராறு வந்து, ஓட்டுப் போட்டுத் தீர்த்துக்கொண்டார்களாம். ரயில் போயிற்று, தண்டவாளமும் போயிற்று, தேர்தல் மட்டும் மிச்சம். ஜனாதிபதி, செனட்டர், நீதிபதி, பிணப் பரிசோதகர் எல்லோரும் முடிந்து, வாக்குச்சீட்டின் கடைசி வரியில் பொடி எழுத்தில் ‘முனைக் காவலர்: வெர்னா பஸ்கோ’ என்று இருக்கும். எதிர்த்து யாரும் நிற்பதில்லை. ஜனவரிப் பனியில் ரோட்டில் நிற்க யாருக்கு ஆசை?

விளக்குக்காக அவள் ஒன்பது வருடம் நகர்மன்றக் கூட்டத்துக்கு நடந்தாள். பொதுமக்கள் பேச மூன்று நிமிடம். பேசும் மேஜையில் சின்னதாக ஒரு விளக்குப் பெட்டி வைத்திருந்தார்கள்: பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் எரிந்தால் முடிக்க வேண்டும், சிவப்பு எரிந்தால் வாயை மூட வேண்டும். முனைக்கு விளக்கு வைக்க முடியாத நகராட்சியிடம் ஒழுங்காக வேலை செய்த ஒரே விளக்கு அதுதான்.

நகர்மன்றத்தில் ஏழு உறுப்பினர்கள், ஆளுக்கு எண் போட்ட ஒரு நாற்காலி, ஒவ்வொரு நாற்காலிக்கும் தனித் தேர்தல். ஏழாம் நாற்காலியில் கிளென் பர்டெட் இருந்தார். பள்ளியில் வெர்னாவோடு ஒரே வகுப்பு. இருபத்தாறு வருடமாக உறுப்பினர்.

“ஏம்ப்பா கிளென், நீயும் அந்த முனையைத் தாண்டித்தானே பள்ளிக்கூடம் வந்தே?” என்று ஒருமுறை அவரையே நேராகக் கேட்டாள்.

“அதைத்தான் நானும் சொல்றேன் வெர்னா. வெளக்கு இல்லாமலே நாமெல்லாம் பொழைச்சுக் கெடக்கலியா?”

“எல்லாரும் பொழைக்கலியே. உன் பெஞ்சுல உக்காந்திருந்த டேனி...”

சிவப்பு எரிந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அதனால்தான், பதவிக்காலத்துக்கு வரம்பு வேண்டும் என்று சிலர் கையெழுத்து வாங்கக் கிளம்பியபோது வெர்னா முதல் ஆளாகப் போய்க் கையெழுத்துத் தாள் செருகிய அட்டையை வாங்கிக்கொண்டாள். யாரும் ஒரு பதவியில் இரண்டு தவணைக்கு மேல், அதாவது எட்டு வருடத்துக்கு மேல், இருக்கக் கூடாது. போன வருடங்களும் கணக்கில் சேரும். அவ்வளவுதான் சட்டம். மளிகைக் கடை வாசலில் நின்றாள், வெள்ளிக்கிழமை தேவாலயத்து மீன் வறுவல் விருந்தில் மேஜை மேஜையாகப் போனாள், முனையில் பிள்ளைகளை விட வந்த தாய்மார்களிடம் நீட்டினாள். ஆயிரத்து நூற்று நாற்பது கையெழுத்தில் நானூறுக்கு மேல் அவள் வாங்கியது.

அவள் கணவன் மில்ட் இரும்புச் சாமான் கடையில் வேலை செய்கிறவன். அதிகம் பேசமாட்டான். சட்டம் மக்கள் ஓட்டுக்கு வந்து, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் ஜெயித்த அன்று அவனே இரண்டாவது பீரைத் திறந்தான்.

“தொலைஞ்சானுங்க. இனிமே வர்றவனாவது காது குடுத்துக் கேப்பான்” என்றான்.

ஆகஸ்டில் வெர்னா வழக்கம்போலத் தன் வேட்புமனுவை எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே கூட்டமாக இருந்தது. ஏழு உறுப்பினர்களும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள், வீட்டுக்குப் போகிற களை ஒருவர் முகத்திலும் இல்லை. நகர வக்கீல் ஷெல்டன் பிம் ஒவ்வொருவர் மனுவையும் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“இவங்களுக்கெல்லாம் காலம் முடிஞ்சுதே சார்?” என்றாள் வெர்னா.

“முடிஞ்சுதும்மா. சுத்தமா முடிஞ்சுது. ரெண்டாம் நாற்காலிக்காரர் இனிமே ரெண்டாம் நாற்காலியில உக்காரவே முடியாது. மூணாம் நாற்காலியில நிக்கிறார்.”

“மூணுல இருந்தவர்?”

“நாலு. சட்டம் ஒரு பதவியில எட்டு வருஷம்னுதான் சொல்லுது. ஒவ்வொரு நாற்காலியும் தனிப் பதவி. எல்லாரும் ஒரு நாற்காலி தள்ளி உக்காந்தா மக்கள் தீர்ப்புக்கு மரியாதை குடுத்த மாதிரி ஆச்சு, அனுபவமும் வீணாப் போகல.” பிம் அவள் மனுவை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது. “அடடா. நீங்க எத்தனை வருஷமா இருக்கீங்க?”

“இருபத்துமூணு.”

“நீங்களும் தேர்ந்தெடுக்கப்பட்டவங்கதானே. எட்டைத் தாண்டிட்டீங்க. முனைக் காவலர் ரெண்டாம் நாற்காலின்னு ஏதாவது இருக்கா?”

“நாற்காலியே இல்ல சார். நின்னுக்கிட்டே செய்யற வேலை.”

“ரெண்டாவது முனை?”

“ஒரே முனைதான்.”

“அப்ப தள்ளி உக்கார உங்களுக்கு எடமில்ல. பாவம்தான்.” பிம் உண்மையாகவே வருத்தப்பட்டார். “ஆனா சட்டம்னா எல்லாருக்கும் சமம்தானேம்மா. நீங்களே கையெழுத்து வாங்கின சட்டம்.”

மனுவை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். வெர்னா வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். சாவி போடத் தோன்றவில்லை. தன் கையால் நானூறு பேரிடம் பேனாவை நீட்டியது நினைவுக்கு வந்தது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. மேயர் டாயில் ஹாச்சருக்கும் காலம் முடிந்திருந்ததால் அவர் மனைவி ஜாய்ஸ் மேயருக்கு நின்றார். மேயர் இறங்கி வந்து ஒன்றாம் நாற்காலியில் நின்றார். எல்லோரும் ஒன்று தள்ளியபோது ஏழாம் நாற்காலி கிளென் பர்டெட் வரிசையிலிருந்து வெளியே விழுந்தார். இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக அவருக்கு உட்கார இடமில்லை. மனுத்தாக்கல் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது அவர் முனைக் காவலர் பதவிக்கு மனுப் போட்டார்.

அடுத்த நாள் சாப்பாட்டுக் கடையில் வெர்னாவைப் பார்த்ததும் ஆப்பிள் பலகாரத் தட்டோடு அவள் மேஜைக்கே வந்துவிட்டார்.

“தப்பா நெனைக்காத வெர்னா. நாலு வருஷம் ஒதுங்கி இருக்க ஒரு எடம் வேணும். அப்புறம் திரும்பி ஒண்ணாம் நாற்காலிக்கு வந்துடுவேன். பதவியில இல்லாம இருந்து பழக்கமில்லை, உடம்புக்கு ஆகாதுன்னு டாக்டரே சொல்றார்.”

“கிளென், அங்க காலையில ஏழரைக்கே நிக்கணும்.”

“பாத்துக்கலாம், அதுக்கென்ன.”

“டெஸ்ஸுன்னு ஒரு கொழந்தை. காது கேக்காது. நீ கத்தினா பிரயோஜனமில்ல. கையைக் காட்டணும். இப்படிக் காட்டினா நில்லு, இப்படின்னா வா. சும்மாக் கையை வீசிடாத, அவ வான்னு நெனைச்சுக்குவா.”

“எழுதிக் குடு. ஃபைல்ல போட்டு வெச்சுக்கறேன்” என்றார் பர்டெட்.

அவள் அன்றைக்கே இரண்டு பக்கம் எழுதி, கையின் படமும் வரைந்து கொடுத்தாள். அது கோப்புக்குத்தான் போயிற்று.

நவம்பரில் இருநூற்றுப் பன்னிரண்டே ஓட்டு வாங்கிப் பர்டெட் ஜெயித்தார். வெர்னாவின் பெயரைச் சீட்டில் கையால் எழுதிப் போட்டவர்கள் ஆயிரத்துக்கு மேல். தகுதி இழந்தவர் பெயர் என்று அத்தனையும் செல்லாமல் போயிற்று.

ஜனவரி முதல் வாரத்தில் வழியனுப்பு விழாவும் வரவேற்பு விழாவும் ஒரே மேடையில் நடந்தன. சிக்கனம் கருதிக் கேக்கும் ஒன்றுதான். பாதியில் ‘போய் வாருங்கள்’, மறுபாதியில் ‘வருக வருக’. ஒவ்வொரு உறுப்பினராக எழுந்தார், தன் நாற்காலியைத் தடவிக் கொடுத்தார், கண்ணைத் துடைத்தார். அவர் சேவையைப் பாராட்டித் தீர்மானம் வாசித்தார்கள். பிறகு மேஜையிலிருந்த பெயர்ப்பலகையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். புதுமுகத்தை வரவேற்று எல்லோரும் கைதட்டினார்கள். அப்படி அவர்கள் எல்லோருக்கும் இரண்டு பாதியிலிருந்தும் துண்டு கிடைத்தது. வெர்னாவுக்கு மட்டும் முதல் பாதித் துண்டு.

அவளைப் பற்றி டாயில் ஹாச்சர் பேசினார். இருபது வருடம் மேயராக இருந்த குரல் இன்னும் கனமாகத்தான் இருந்தது.

“அன்பர்களே, அதிகாரம் ஒரே கையில ரொம்ப நாள் இருந்தா என்ன ஆகும்? அழுகிப் போகும். நான் யாரையும் குத்திச் சொல்லல. ஆனா இந்த ஊர்ல ஒரு முனை இருபத்துமூணு வருஷமா ஒரே ஆள் கையில இருந்துச்சு. போட்டி இல்ல. கேள்வி கேக்க ஆளில்ல. அவங்க கையைத் தூக்கினா லாரி நின்னுச்சு. இது ஜனநாயகமா? இன்னிக்கு அந்த முனைக்குப் புது ரத்தம் வருது!”

அறுபது வயதுப் புது ரத்தம் எழுந்து கும்பிடாத குறையாகக் கையசைத்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மேயர் ஜாய்ஸ் ஹாச்சர் வெர்னாவிடமிருந்து பலகையையும் மேல்சட்டையையும் வாங்கிப் பர்டெட்டிடம் கொடுத்துவிட்டு, அவளுக்கு ஒரு நினைவுப் பரிசு தந்தார். அவள் பலகை மாதிரியே எட்டுமூலையில், சிவப்பு வெல்வெட் ஒட்டிக் கண்ணாடி போட்டது. அதில் தங்க எழுத்தில் ‘நன்றி’ என்று இருந்தது.

திங்கட்கிழமை வெர்னாவால் வீட்டில் இருக்க முடியவில்லை. வேலைக்குப் போகிற மாதிரியே எழுந்தாள், குளித்தாள், தொப்பியை மாட்டினாள். பரிசு முன்னறை மேஜையில் கிடந்தது. கை சும்மா இருக்கப் பழக்கமில்லாததாலோ என்னவோ அதையும் எடுத்துக்கொண்டாள். மில்ட் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“எங்க போறே?”

“சும்மா பாத்துட்டு வரேன்.”

“வெர்னா, அது இனிமே உன் எடமில்ல.”

“எனக்குத் தெரியாதா மில்ட்? பிள்ளைங்களுக்குத் தெரியுமா?”

பர்டெட் ஏழு ஐம்பதுக்கு வந்தார். அதுவரை பிள்ளைகள் ஓரத்தில் பனியில் நின்றன. கூடவே பத்திரிகைப் படக்காரர், ரிப்பன், கத்தரிக்கோல். ரோட்டின் நடுவில் நின்று ரிப்பனை வெட்டினார், பலகையைச் சாலைப் பக்கம் பிடிக்காமல் கேமரா பக்கம் பிடித்தார், மேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

“குழந்தைகளே, கடக்கிறதுங்கிறது வெறும் கடக்கிறது இல்ல. அது ஒரு பயணம்...”

பேச்சு வேகத்தில் கையை வீசினார். டெஸ் அதை ‘வா’ என்று எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டாள்.

வளைவுக்கு மேலே கியர் மாறியது. பாரம். வெர்னா யோசிக்கவில்லை. ரோட்டில் பாய்ந்து பரிசை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். லாரிக்காரர் பழகின ஆள், அவர் கண்ணில் பட்டதும் பழகின உருவம், சிவப்பு எட்டுமூலை. மேட்டிலேயே பிரேக்கை அழுத்தி, சறுக்கிக்கொண்டே வந்து அவளுக்கு நான்கு அடி முன்னால் நின்றார். டெஸ் அவளைப் பார்த்து மூக்கைத் தொட்டுச் சிரித்தாள். வெர்னா அங்கேயே பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

புதன்கிழமை வீட்டுக்கு அழைப்பாணை வந்தது. பதவிக்காலம் முடிந்த பின்னும் பதவிக்குரிய கடமையைச் செய்த குற்றம்.

அன்று மாலை நகர்மன்றத்திலேயே விசாரணை நடந்தது. பிம் எழுந்து, பதவிக்கால வரம்புச் சட்டம் மீறப்பட்டது இதுவே முதல்முறை என்று அறிவித்தார். ஜாய்ஸ் ஹாச்சருக்குப் பெருமை தாங்கவில்லை.

“இந்தச் சட்டத்துக்குப் பல்லே இல்லைன்னு பேசினாங்க. இன்னிக்கு என்ன சொல்லுவாங்க? பதவி ஆசை யாரை விட்டுது? எட்டு வருஷம் தாண்டியும் எடத்தை விடாம ஒட்டிக்கிட்டு இருக்கிறவங்களை இந்த நகரம் பொறுத்துக்காது.”

ஏழு பேரும் ஏழு நாற்காலியிலிருந்து தலையசைத்தார்கள். பள்ளி நேரத்தில் வெர்னா பஸ்கோ முனையிலிருந்து ஐம்பது அடிக்குள் வரக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. மறுநாள் மத்தியானத்துக்குள் ஆள் வந்து எல்ம் தெருவில் ஐம்பது அடி அளந்து குறுக்கே வெள்ளைக் கோடு போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் கடக்கிற இடத்தில் கோடு போடச் சொல்லி அவள் ஆறு வருடம் கேட்டிருந்தாள். பெயிண்ட் கைவசம் இல்லை என்றிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை வெர்னா அந்தக் கோட்டுக்கு இந்தப்பக்கம், ஷூ நுனி படாமல் வந்து நின்றாள். டெஸ் அவளைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மேலே பாரம் கியர் மாறியது. வெர்னா உள்ளங்கையை உயர்த்தினாள். டெஸ் நின்றாள். டெஸ் நின்றதைப் பார்த்து அவளுக்குப் பின்னால் அறுபத்துமூன்று பிள்ளைகளும் நின்றன.

“வாங்க பிள்ளைங்களா, வாங்க!” என்று ரோட்டின் நடுவிலிருந்து பர்டெட் கூப்பிட்டார். ஒன்றும் அசையவில்லை. “வாங்கன்னா!” என்றார். லாரி அவர் மேல்சட்டையை உரசிக்கொண்டு போயிற்று. வெர்னா இரண்டு விரலை ஆட்டினாள். பிள்ளைகள் கடந்து போயின.

இப்படியே பதினோரு நாள் ஓடிற்று. பன்னிரண்டாம் நாள் பர்டெட் மன்றத்தில் புகார் கொடுத்தார். மக்கள் தேர்ந்தெடுத்தவரின் பேச்சைப் பிள்ளைகள் கேட்பதில்லை, பழைய ஆட்சி நிழலில் இருந்து நடக்கிறது என்று.

வெர்னாவுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். பச்சை எரிந்தது.

“நான் பதவி கேக்கல. சம்பளம் கேக்கல. அந்தக் கொழந்தைக்குக் காது கேக்காது, அதை மட்டும் யாராவது மனசுல வெச்சுக்கங்க. டாயில், கிளென், உங்க ரெண்டு பேருக்கும் பேரப்பிள்ளைங்க இருக்கு. நான் வேணாம்னா வேற யாரையாவது நிறுத்துங்க. இல்ல, வெளக்கையாவது வைங்க. கெஞ்சிக் கேக்கறேன்.”

பச்சை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

“ரொம்ப உருக்கமாப் பேசினீங்க” என்றார் ஜாய்ஸ் ஹாச்சர். “குழந்தை விஷயத்தைப் போக்குவரத்து உபகுழுவுக்கு அனுப்பறோம்.” பிறகு ஓட்டெடுத்தார்கள். கோட்டை முந்நூறு அடிக்குத் தள்ளுவதென்று ஏகமனதாக முடிவாயிற்று.

எல்ம் தெருவில் முந்நூறு அடி என்பது தீவனக் கிடங்கைத் தாண்டி. கிடங்கின் செங்கல் சுவர் முனையை முழுசாக மறைத்துவிடும். திங்கட்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு வெர்னா புதுக் கோட்டின் ஓரத்தில் நின்றாள். மில்ட் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு வந்திருந்தான்.

தூரத்தில் மேட்டில் கியர் மாறியது.

“பாரம்” என்றாள் வெர்னா. உள்ளங்கையைச் சுவரைப் பார்த்து உயர்த்தினாள்.

“யாருக்குக் காட்டறே வெர்னா?” என்றான் மில்ட்.

“டெஸ்ஸுக்கு.”

லாரி வளைவில் இறங்குகிற சத்தம் கேட்டது. வெர்னா கையை இறக்கவில்லை. சுவருக்கு அந்தப்பக்கமிருந்து பர்டெட்டின் குரல் தெளிவாக வந்தது.

“வாங்க பிள்ளைங்களா, வாங்க!”